சிவப்பு எரிந்தால் அடுப்பு எரியாது

மரகதவல்லிக்குத் தோல் லிம்போமா என்கிற புற்றுநோய் வந்ததிலிருந்து ஆஸ்பத்திரி கொடுத்த சோர்வுப் பட்டை அவள் மணிக்கட்டிலேயே கிடந்தது. தெம்பு இருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், தீர்ந்தால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் வீட்டு அடுப்பு தானாக அணைந்துவிடும். அன்றைக்குக் கடை இட்லிதான். ஆனால் அவள் கணவர் சிவஞானம், மஞ்சள் எரிந்தாலே அவளைச் சமையலறைப் பக்கம் விடமாட்டார். இரண்டு வருஷமாக மாவு அரைப்பதிலிருந்து அவள் முதுகுக்குக் களிம்பு தடவுவது வரை எல்லாம் அவர்தான். கேட்டால், "எனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கேன்" என்பார்.

அன்று காலை பட்டைக்கு அடியில் அரிப்பு தாங்கவில்லை. கழற்றி வைத்தாலோ ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டு வகுப்பெடுப்பார்கள்.

"பத்து நிமிஷம் நீங்க கட்டிக்குங்க. நான் களிம்பு போட்டுக்கறேன்" என்று அவர் கையில் மாட்டிவிட்டாள். அவர் ரவை வறுக்கப் போனார்.

பட்டை சிவந்தது. அடுப்பு அணைந்தது. "மரகதவல்லி அம்மா, உடனே படுத்துக்கொள்ளுங்கள்" என்று சுவரிலிருந்து ஒரு குரல் கெஞ்சியது.

"பட்டை கெட்டுப்போச்சு போல" என்றார் சிவஞானம், கரண்டியை விடாமல்.

அவள் பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டினாள். மஞ்சள். அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது.

"கெடலைங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உனக்கு முடியாது, விடு."

"நான் மஞ்சள். நீங்க சிவப்பு. உக்காருங்க."

உப்புமாவுக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் நாற்காலியில் குதிரை குறட்டை விட ஆரம்பித்திருந்தது.