தவளைக்கு விழுந்த பன்னிரண்டு

வெயிலில் குளம் வற்றிப்போச்சு. ஈரம் காயாமல் ஒரு பானைதான் மிச்சம், அதிலும் ஒருத்தருக்குத்தான் இடம். அதற்காகத் தவளையும் நண்டும் குஸ்தித் தாயம் ஆடின.

கட்டையை உருட்டிவிட்டு எதிராளியை முட்டலாம், இல்லை ஓரடி விலகலாம். முட்டினால் விழுந்த எண் எத்தனையோ, அத்தனை அடி நேராக ஓடியே ஆகணும். சுற்றிக் கீறிய கோட்டைத் தாண்டுகிறவர் தோற்றார்.

தவளைக்கு ஐந்தும் ஆறுமாகக் கொட்டியது. யோசிக்கவே இல்லை, முட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் நண்டின் முதுகு கோட்டை ஒட்டிவிட்டது. அது உருட்டினால் வெறும் இரண்டு.

“இதை வெச்சு என்னடா கிழிப்ப?” என்றது தவளை.

“விலகிக்கறேண்ணே” என்று நண்டு பக்கவாட்டில் ஓரடி தள்ளி நின்றது.

தவளை உருட்டியது. பன்னிரண்டு.

“அண்ணே, நீங்களும் விலகலாம். எதிர்ல கோடு இருக்கு.”

“பன்னிரண்டு விழுந்தவன் எவனாவது விலகுவானா?”

ஒரே பாய்ச்சல். நண்டைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, முள்செடியில் போய் விழுந்தது.

“உனக்கு அதிர்ஷ்டம்டா” என்று முனகியது தவளை.

“ஆமாண்ணே, உங்களுக்குப் பன்னிரண்டு விழுந்துச்சே” என்றபடி நண்டு பானைக்குள் போய்ப் படுத்தது.