எடுத்தாச்சு

ஏரியைச் சுற்றிப் பதினெட்டு ஆண்டுகளாகச் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்த பிலோமினா அம்மாளின் மூன்று மட்டக்குதிரைகளையும் ஏற்றிச் செல்ல விலங்குகள் காப்பகத்தின் லாரி வந்து நின்றது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவரால் ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்க இயலவில்லை. வாங்க வந்தவர்களோ, குதிரைகளின் பற்களைப் பார்த்து வயதைக் கணித்துவிட்டுத் திரும்பிப் போயினர். ஆயினும் அன்று அவர் கைத்தடியை ஊன்றியபடியே பிடரிகளைச் சீவி, நெற்றிகளில் சிவப்புக் குஞ்சம் கட்டியிருந்தார். “கவலைப்படாதீங்கம்மா, யாருக்கும் வேண்டாததுங்கதான் எங்ககிட்ட இருக்கு. பாவம் பார்த்து வச்சுக்கிறோம்,” என்று சொல்லிக்கொண்டே காப்பகத்துத் தணிகைவேல் பதிவேட்டுக்குப் படம் எடுக்கக் கைப்பேசியை உயர்த்தினார். அந்தக் கணமே மூன்றும் உயர வரிசையில் வந்து நின்று, கழுத்தை நிமிர்த்தி, வாலையும் அசைக்காமல் அவரை நோக்கின. முதுகில் குழந்தைகளை அமர்த்திப் படம் எடுத்த ஒவ்வொரு முறையும் அவை அப்படித்தான் நின்றிருந்தன. கைப்பேசி பைக்குள் போன பின்னும் அவை நகரவில்லை. தணிகைவேல் கயிற்றை இழுத்துப் பார்த்தார். “‘எடுத்தாச்சு’ன்னு சொல்லணும் சார். அதுவரைக்கும் நிக்குங்க,” என்றார் பிலோமினா அம்மாள். “நீங்களே சொல்லிருங்கம்மா.” “இனிமே நீங்கதானே சொல்லணும்.” தணிகைவேல் மெல்லச் சொன்னார். ஒரு காதுகூட அசையவில்லை. “பாவம் பார்க்கிற குரல்ல சொன்னா கேக்காதுங்க சார்.” தணிகைவேல் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமினார். பிலோமினா அம்மாள் கைத்தடியிலிருந்து தம்மால் இயன்றவரை நிமிர்ந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.