மண்ணுக்குள் வெந்த ரொட்டி

"என் மனைவி செத்து ஏழு வருஷமாச்சு. அவளை நெனச்சு நானேதான் ரொட்டிமாவைப் பானையில போட்டு இங்க புதைக்கிறேன். வேற யாரையும் தொட விடமாட்டேன்" என்றபடி, வெந்நீர் ஊற்றோரம் ஆவி பறக்கும் சுடுமண்ணைத் தோண்டினான் வழிகாட்டி ஓட்டார்.

சுற்றுலாக் கூட்டம் உச்சுக்கொட்டியது. ஹூக்ரூன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்லத்தான் அவளும் இன்று பேருந்தில் வந்திருந்தாள்.

"எவ்வளவு நேரம் வேகணும்?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"முழுசா ஒரு நாள். நேத்து இந்நேரம் புதைச்சது. சூடா சாப்பிடுங்க!"

ஹூக்ரூன் ஒரு வாய் தின்றாள். மென்றபடி யோசித்தாள்.

"நேத்து முழுக்க நீ ரெய்க்யவிக் நகரத்துல, என் வீட்டுல இருந்தியே ஓட்டார்? அப்போ இதை யாரு புதைச்சா?"

அவன் முகம் வெளிறியது.

"செத்துப்போன உன் பொண்டாட்டிக்கு நல்ல கைப்பக்குவம். வீட்டுக்குப் போனதும் நான் சொன்னேன்னு சொல்லிடு!"