மூன்றாவது முறை

தம்பி எலியாப் மூன்றாவது தடவையாக வந்து வாசலில் நின்றான். அன்று சூரியன் மறைந்ததும் பாவநிவாரண நாள் தொடங்கிவிடும். மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், கடவுள்கூட அதில் தலையிட மாட்டார் என்பது யூதர்களான எங்கள் வழக்கம். சாட்சிகளை வைத்துக்கொண்டு மூன்று தடவை கேட்டும் மறுத்துவிட்டால் கேட்டவனுக்கு விடுதலை. பாவம் மறுத்தவள் தலையில்.

முதல் இரண்டு தடவையும் "மாட்டேன்" என்று கதவைச் சாத்தினேன். அவன் முகத்தில் வருத்தமே இல்லை. விரலை மடக்கி எண்ணிக்கொண்டுதான் போனான்.

இந்தத் தடவை குளித்து, வெள்ளைச் சட்டையும், நோன்பு நாளில் தோல் செருப்பு கூடாதென்று துணிச் செருப்புமாக வந்திருந்தான். பின்னால் அதே சாட்சிகள்: அவன் மாமனாரும் இரண்டு சிநேகிதர்களும்.

"என்னை மன்னிச்சிடு அக்கா," என்று மனப்பாடம்போல ஒப்பித்தான்.

"எதுக்குடா?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாம்னா எனக்குப் புரியாது. நீ என்ன பண்ணினேன்னு இவங்க காது கேக்கச் சொல்லு. சொல்லி முடிச்சதும் மாட்டேன்னு நானே சொல்லிடறேன். நீ சுத்தமாப் போயிடலாம்."

அவன் தெருப்பக்கம் திரும்பினான். எதிர்வீட்டுச் சுவரில் வெயில் ஒரு சாண்தான் மிச்சமிருந்தது. சிநேகிதர்கள் தரையைப் பார்த்தார்கள். மாமனார் மட்டும் வாசலில் கிடந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை," என்றார். "பொண்ணு குடுக்கறப்பவே நான் கேட்டிருக்கணும்."