கொளுத்த மூட்டிய தீ

மயிலம் மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிறது. சேரி நடுவில் வைக்கோல் தீ கொழுந்துவிட்டு எரிகிறது. மேலத்தெரு சாவுக்கு இனி யாரும் பறை அடிப்பதில்லை என்று சேரிக்காரர்களின் சங்கத்தில் முடிவெடுத்தாயிற்று. பறையே வீட்டில் இருக்கக் கூடாது, கொளுத்திவிட வேண்டும் என்பது திண்டிவனத்திலிருந்து ஜட்கா வண்டியில் வந்திருக்கிற சங்கச் செயலாளர் சவரிநாதனின் வாதம். காலையிலிருந்து இதே சண்டைதான். கடைசியில் பறையடிக்கிற மண்ணாங்கட்டி எழுந்து தன் பறையை எடுத்து வருகிறான். தீயில் போடத்தான் நீட்டுகிறான். கை கேட்டால்தானே? பழக்கத்தில் அது தோலை அனலுக்குக் காட்டி, சாய்த்துச் சாய்த்துத் திருப்புகிறது. தோல் முறுக்கேறுகிறது. தன்னையறியாமல் விரலால் ஒரு சுண்டு சுண்டுகிறான். ணங்கென்று தெறிக்கிற சத்தத்தில் கோழிகள் சிதறி ஓடுகின்றன.

"போடுங்கண்ணே, ஏன் காய்ச்சிக்கினு இருக்கீங்க?" என்கிறார் சவரிநாதன்.

மண்ணாங்கட்டி திருதிருவென்று விழிக்கிறான். பச்சைப்பிள்ளையை மார்போடு அணைத்தபடி குடிசை வாசலில் நிற்கிற அவன் மகள் செண்பகம் சிரிக்கிறாள்.

"ஊரு சாவுக்கெல்லாம் அடிச்சிக்கினு இருந்தியே நைனா, எம் பொண்ணு பொறந்ததுக்கு அடிச்சியா?"

அவ்வளவுதான். குச்சிகள் கைக்கு வருகின்றன. அடி விழ விழப் பெண்கள் கைதட்டித் தீயைச் சுற்றுகிறார்கள். சவரிநாதன் கூடாது கூடாதென்று தலையாட்டுகிறார். ஆட்டுகிற தலை தாளத்தோடு சேர்ந்துகொள்கிறது. சத்தம் கேட்டு மேலத்தெரு ஆள் ஒருவர் ஓடிவந்து வரப்பிலேயே நின்று கத்துகிறார்.

"எவன்டா செத்தான்?"

கும்பிட மண்ணாங்கட்டிக்குக் கை ஒழியவில்லை. இரண்டிலும் குச்சி.

"யாரும் சாவல. எம் பேத்தி பொறந்திருக்கா!"