மில்க்‌ஷேக்கோடு வந்தவள்

"வாயைத் திறக்காத. தலைய மட்டும் ஆட்டு. சாக்லேட்டா, வனிலாவா?"

"தலைய ஆட்டி எப்படிடீ சாக்லேட்னு சொல்றது?" என்று குழறினாள் கோரின். ஞானப்பல் நான்கையும் முந்தின நாள்தான் எடுத்திருந்தார்கள். கன்னம் இரண்டும் உப்பி, கொட்டையை அடக்கிய அணில் மாதிரி கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

அப்படியும் அழகாகத்தான் இருந்தாள். டெல்லாவுக்கு அதுவே பொறுக்கவில்லை.

வேலைக்குக் கிளம்பிய கோரினின் அம்மா, கார்ச் சாவியோடு அறைக்குள் எட்டிப் பார்த்தார். "வந்துட்டியா டெல்லா? நல்லவேளை. கோடை லீவுல எடுத்துக்கலாம், அவசரமில்லன்னு டாக்டரே சொன்னார். இவதான் இப்பவே எடுத்தாகணும்னு ஒத்தக் கால்ல நின்னா. கொஞ்சம் பாத்துக்கோ கண்ணு."

டெல்லாவுக்குச் சுருக்கென்றது. அடுத்த மாதம் ஏரிக்கரை அரங்கில் பள்ளிக் கச்சேரி. டிரம்பெட் தனி வாசிப்பு கோரினுக்கு. கச்சேரியை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு பல் எடுக்கிறாள் என்றால், ஒத்திகையே இல்லாமல் ஊதிக் காட்டுகிறேன் பார் என்கிற திமிர்தானே?

பள்ளி வாத்தியக் குழுவில் சேர்ந்த நாள் முதல் டிரம்பெட் வரிசையில் கோரினுக்கு முதல் நாற்காலி, டெல்லாவுக்கு இரண்டாவது. கோரின் ஊதினால் இசை ஆசிரியர் பிரான்ட் கண்ணை மூடிக்கொள்வார். டெல்லா ஊதினால் கடிகாரத்தைப் பார்ப்பார்.

போதாததற்கு, ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்த மகாராணி செய்யும் அலங்காரம். கைதட்டல் ஓய்ந்ததும், "இது உனக்கு வந்திருக்கணும்டீ" என்று காதருகே ஒரு தேன் பேச்சு. அந்தத் தேன்தான் அதிகமாக எரியும்.

வெளியே கார் கிளம்பிப் போயிற்று. டெல்லா பையிலிருந்து மில்க்‌ஷேக்கை எடுத்தாள். மூடியைக் குத்தி, தடித்த சிவப்பு ஸ்ட்ரா ஒன்றைத் தானே செருகிக் கொடுத்தாள்.

ஸ்ட்ரா ஆகாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் அவளுக்கும் இதே பற்களை எடுத்தார்கள். உறிஞ்சினால் குழியில் உறைந்த ரத்தக்கட்டி பிய்ந்து வந்துவிடும். கீழே இருக்கிற எலும்பு திறந்து கிடக்கும். ஆறுவது தள்ளிக்கொண்டே போகும். மயக்கத்தில் கிடந்தவள் காதில் டாக்டர் சொன்னது எங்கே ஏறியிருக்கப் போகிறது?

"கெட்டியா இருக்கும். நல்லா இழு."

கோரின் கண்களை இறுக மூடிக்கொண்டு இழுத்தாள்.

மறுநாளும் சாக்லேட். அதற்கு மறுநாளும்.

வார இறுதியில் ஆசிரியர் பிரான்ட் கூப்பிட்டார். "கோரினுக்குக் கீழ இடப்பக்கக் குழி ஆறாம எலும்பு தெரியுதாம். வலப்பக்கம் பரவாயில்லையாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். இடப்பக்கமும் தேறிட்டா அவளே வாசிக்கட்டும். இல்லேன்னா நீதான். தயாரா இரு."

டெல்லா அன்று முழுக்க ஊதினாள். உச்ச சுரம் முதல் தடவையாகப் பிசிறில்லாமல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரியில் பனிக்கட்டி உடைந்து மிதந்துகொண்டிருந்தது. ஊரே நின்று கேட்பது போல இருந்தது.

மறுநாள் கோரினைப் பார்க்கப் போனபோது, காதில் ஒலித்துக்கொண்டிருந்த அந்தச் சுரம் அறுந்தது.

கோரின் தலையணை நுனியைக் கடித்தபடி சுருண்டு கிடந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. வாயிலிருந்து கிராம்பு மருந்தின் நெடி. வலி காதுவரை இழுக்கிறது என்று கையால் காட்டினாள். டெல்லாவால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. பையை நீட்டினாள்.

கோரின் உள்ளே எட்டிப் பார்த்தாள். மில்க்‌ஷேக் இருந்தது. பக்கத்தில் ஒரு மரக் கரண்டி.

"ஸ்ட்ரா எங்கடீ?"

"வேணாம் கோரின். அது... அதுனாலதான் உனக்கு..." டெல்லாவுக்கு அழுகை வந்தது. "எனக்கு முதல்லயே தெரியும்."

"எனக்கும்தான் தெரியும், லூசு. டாக்டர் ரெண்டு தரம் சொன்னார்."

டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மேடைய நெனச்சாலே கொடலப் புடுங்குது. ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்ன பண்றேன்னு நெனச்ச? வாந்திடீ. அதுக்கு இந்த வலி எவ்வளவோ தேவலாம். மாட்டேன்னு சொன்னா அம்மா விட மாட்டாங்க, பிரான்ட்டும் விட மாட்டார்."

டெல்லாவின் கையில் பை கனத்தது. திருடிவிட்டோம் என்று நினைத்திருந்தாள். கடைசியில் இதுவும் கோரின் போட்ட பிச்சைதான்.

கோரின் வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி அவள் பக்கம் சாய்ந்தாள்.

"இவ்வளவு வலிச்சும் குழி மூட ஆரம்பிச்சிடுச்சுன்னு டாக்டர் சொல்றார்டீ, வெள்ளிக்குள்ள ஆறிடும் போல. நாளைக்கு மறக்காம ஸ்ட்ரா கொண்டு வர்றியா?"