ஆணியில் தொங்கிய பைகள்

ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணி ஒன்று இருந்தது. அதில் பதினெட்டுத் துணிப்பைகள் தொங்கின. ஒன்றுகூடக் கசங்கியதில்லை. சுவரை ஒட்டித் தொங்கியது, கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பை.

கடைகளில் இலவச பிளாஸ்டிக் கவரை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. முந்தின நாள் வந்த பச்சைப் பை, "நாளைக்கு மார்க்கெட்டுக்கு வீட்டுக்காரர் என்னைத்தான் எடுத்துட்டுப் போவார்" என்றது.

"வந்த அன்னைக்கு நானும் இதையேதான் சொன்னேன்" என்றது மஞ்சள் பை. "தெருமுனை தாண்டினதும்தான் அவருக்குப் பை ஞாபகம் வரும். திரும்பி வர மாட்டார். கடையிலயே புதுசா ஒண்ணு வாங்கிப்பார். நீயும் அப்படி வந்ததுதானே?"



மறுநாள் வீட்டுக்காரர் வெறுங்கையோடு போய், புதுப்பை நிறையக் கத்தரிக்காயோடு வந்தார். காயைக் கொட்டிவிட்டுப் பையை ஆணியில் மாட்டினார். ஆணி பெயர்ந்து, அத்தனை பைகளும் தரையில் விழுந்தன.

"எதுக்குங்க இத்தனை பை?" என்றாள் மனைவி. "தூசி படாம கட்டிப் பரண்ல போடுங்க."

பீரோவுக்கு அடியில் அவர் பத்திரமாக மடித்து வைத்திருந்த பழைய பிளாஸ்டிக் கவர் ஒன்று வெளியே வந்தது. பைகளை அதில் திணித்து, வாயை முடிந்து, பரணில் ஏற்றினார்.

இருட்டில் கவர் மெதுவாகச் சொன்னது: "உங்களால போன வேலை. உங்களாலயே திரும்பக் கிடைச்சிருக்கு."